எதிர்நீச்சல் தொடர்: ஒரு வீட்டின் விசுவாசமும் பகையும்

எதிர்நீச்சல், சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரி 7 முதல் 2024 ஜூன் 8 வரை ஒளிபரப்பான தமிழ் நெடுந்தொடர். ‘கோலங்கள்’ (2003–2009) தொடரை இயக்கிய திருச்செல்வம் இதை இயக்கினார். மதுரை வட்டாரத்தில் கூட்டுக்குடும்பமாக வாழும் நான்கு சகோதரர்களுக்கும் அவர்களுடைய மனைவியருக்கும் இடையிலான போராட்டமே கதை. தேனி, போடிநாயக்கனூர் வட்டாரத்தில் இத்தொடர் பார்க்கப்பட்ட விதத்தையும் கருத்தில் கொண்டு, இதில் குடும்ப விசுவாசமும் பகையும் அமைந்துள்ள முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கதைக்களம்

மூத்தவர் ஆதி குணசேகரன் (ஜி. மாரிமுத்து). தம்பிகள் ஞானசேகரன், கதிர், சக்தி. படித்த பெண்களைத் தேடி மருமகள்களாகக் கொண்டுவந்து, அவர்களை அடுப்படிக்குள் நிறுத்திவிடுவது குணசேகரனின் வழக்கம். ஈஸ்வரி (கனிஹா), ரேணுகா (பிரியதர்ஷினி), நந்தினி (ஹரிப்பிரியா) ஆகிய மூவரும் இந்த வாழ்க்கைக்குப் பழகிவிட்டவர்கள். நான்காவதாக வரும் ஜனனி (மதுமிதா) கேள்வி கேட்கத் தொடங்குவதிலிருந்து கதை நகர்கிறது. அப்பத்தா பட்டம்மாளின் (பாம்பே ஞானம்) பெயரில் உள்ள நாற்பது சதவீதச் சொத்துப் பங்கும், தங்கை ஆதிரையின் திருமணமும் பகைக்கு இரு பெரும் காரணங்கள்.

பங்காளி வழக்கும் ஓரகத்தி உறவும்

நம் வட்டாரத்தில் உறவுகளைப் பங்காளி வகை, மாமன் மச்சான் வகை என இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். பங்காளிக்குச் சொத்தில் பங்கு உண்டு. அதனால் அங்கே சண்டையும் உண்டு. மாமன் மச்சான் உறவு சீர், செய்முறைகளால் நிற்பது. ஓரகத்திகள் இந்த இரண்டு வகையிலும் சேர மாட்டார்கள். வெவ்வேறு வீடுகளில் பிறந்து, ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்குள் இரத்த உறவும் இல்லை, பொதுச் சொத்தும் இல்லை.

முந்தைய தொடர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பகையை வைத்தன. ‘மெட்டி ஒலி’யில் (2002–2005) ராஜம் என்ற மாமியாரின் (சாந்தி வில்லியம்ஸ்) சொல்லால் குடும்பம் சிதறியது, மகன் அம்மாவுக்குக் கட்டுப்பட்டவனாக நின்றான். பிறகு வந்த பல தொடர்களில் நாத்தனாரும் ஓரகத்தியும் சூழ்ச்சி செய்ய, ஆண்கள் ஒன்றும் அறியாதவர்களாக வந்து போனார்கள்.

எதிர்நீச்சல் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. பகையை மூட்டுபவர் வீட்டின் மூத்த ஆண். தம்பிகளின் விசுவாசம் என்பது அண்ணன் மீதுள்ள பயமும், சொத்துச் சாவி அவர் கையில் இருக்கிறது என்ற கணக்கும் கலந்தது. நான்கு பெண்களும் சேர்வதோ ஒரே அடுப்படியில் நின்று சமைத்ததால், ஒரே மாதிரி அவமானப்பட்டதால். ஒருத்தி திட்டு வாங்கும்போது மற்றவள் பார்வையால் ஆறுதல் சொல்வதும், ஆண்கள் வெளியே போனதும் அடுப்படியில் சிரிப்பு கிளம்புவதும் தொடரின் சிறந்த காட்சிகள். உறவு முறையில் இடமில்லாத இந்த விசுவாசத்தை நெடுநாள் மையமாக வைத்ததே இத்தொடரின் முதன்மையான சாதனை.

மாரிமுத்துவின் குணசேகரன்

மாரிமுத்து தேனி மாவட்டம் பசுமலைத்தேரியைச் சேர்ந்தவர். ‘கண்ணும் கண்ணும்’ (2008), ‘புலிவால்’ (2014) படங்களின் இயக்குநர். “இந்தாம்மா ஏய்” என்று அவர் அழைக்கும் தொனி எங்கள் ஊர்த் தெருக்களில் தினமும் கேட்பது. எழுதிக் கொடுத்த வசனமாக அது ஒலிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசுவது போலிருந்தது.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. பெண்களை மட்டம் தட்டும் அந்தச் சொற்கள் கேலிப்படங்களாகவும் கைப்பேசி ஒலிகளாகவும் பரவின. வெறுக்க வேண்டிய அதிகாரத்தை மக்கள் ரசித்தார்கள். ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் இதே நடிகர், சாதிக் கட்டுக்குள் சிக்கித் தவிக்கும் தந்தையாக வந்தார். சாதி ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பதை அந்தப் படம் வெளிப்படையாகப் பேசியது. தொடரிலோ குடும்ப கௌரவம் ஓயாமல் பேசப்படுகிறது. அந்தக் கௌரவத்தின் வேர் எது என்ற கேள்வி எழுவதில்லை.

2023 செப்டம்பர் 8 அன்று, சென்னையில் இத்தொடருக்குக் குரல் கொடுக்கும் பணிக்கு இடையே மாரிமுத்து காலமானார். எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். அவருக்கு மிடுக்கு இருந்தது. ஆனால் தொடரின் பிடி தளர்ந்தது. பெண்களின் கதையாகச் சொல்லப்பட்ட தொடர் எவ்வளவு தூரம் ஓர் ஆணின் நாக்கை நம்பி நின்றது என்பது அப்போது தெரிந்தது.

குரங்கணிச் சரிவிலிருந்து

போடியிலிருந்து 16 கி.மீ. தொலைவில், கொட்டகுடி ஆற்றை ஒட்டி இருக்கிறது குரங்கணி. சுற்றிலும் ஏலம், காப்பி, மிளகுத் தோட்டங்கள். போடிப் பகுதியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் பலர். இரவு ஒன்பதரைக்கு இந்தத் தொடர் தொடங்கும்போது பாதி பேர் கண்ணயர்ந்திருப்பார்கள்.

இக்கட்டுரையாளரிடம் படித்த மாணவி ஒருவர் இப்போது தோட்ட வேலைக்குப் போகிறார். தொடரைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: “அவங்க வேலைக்குப் போகணும்னு சண்டை போடுறாங்க சார். எனக்கு ஒரு நா வீட்ல உக்கார முடிஞ்சாப் போதும்னு இருக்கு.”

இது தொடரின் எல்லையைக் காட்டும் சொல். வீட்டைத் தாண்டி வேலைக்குச் செல்வதே விடுதலை என்று தொடர் சொல்கிறது. கூலி வாங்கும் பெண்ணுக்கு அந்தக் கூலியின் மீது உரிமை உண்டா, அவள் வீடு திரும்பியதும் அடுப்பு யார் பொறுப்பு என்ற கேள்விகள் அதற்கு வெளியே நின்றுவிடுகின்றன. அதே சமயம் அந்த மாணவி தொடரை விடாமல் பார்த்தார். நந்தினி எதிர்த்துப் பேசும் நாளில் தூங்காமல் விழித்திருப்பாராம்.

சொத்துள்ள வீடுகளுக்கும் தொடர் பாதிப் பாடத்தையே தருகிறது. தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தம் மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமை வழங்கியது. 2005-இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. ஆனாலும் தங்கை கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைப் பாசம் என்றும், பங்கு கேட்பதைப் பகை என்றும் சொல்லும் வழக்கம் மறையவில்லை. கிழவி ஒருத்தியின் பங்கைக் கண்டு வீடே நடுங்குவதாகக் காட்டிய தொடர், இதைத் தொட்டுப் பேச நல்ல வாய்ப்பைப் பெற்றிருந்தது. ஆயினும் ஆதிரையின் பங்கைவிட, பகை வீட்டு அருணா கரிகாலனா என்ற தாலிச் சிக்கலே அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது.

மதிப்பீடு

நெடுந்தொடருக்கே உரிய இழுவை எதிர்நீச்சலிலும் உண்டு. பெண்கள் ஓர் அடி முன்னேறினால் அடுத்த வாரமே மறுபடி கூடத்தில் கைகட்டி நிற்கிறார்கள். ஆனாலும் குடும்பத்துக்கு விசுவாசம் என்ற பெயரில் யாருக்கு யார் அடங்குகிறார்கள் என்று வரவேற்பறையில் உட்கார்ந்து ஆண்களும் பெண்களும் சேர்ந்து பார்க்கும்படி செய்த தொடர் இது. ஓரகத்தி என்றால் போட்டிக்காரி என்று பழகிய காதுகளுக்கு, ஓரகத்தி துணையாகவும் இருக்கலாம் என்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இரவுதோறும் சொன்னது. அந்த அளவில் இத்தொடர் பேசத்தக்கது.