அரண்டவன் கண்ணும் அன்புடையார் செவியும்

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பது நம்மவர் பழமொழி. அச்சம் காட்சியை ஆக்கும் என்னும் உளநூற் கருத்தை அஃது ஒரு தொடரில் அடக்கி நிற்கின்றது. ஆயினும், இயல்புக்கு அப்பாற்பட்டனவாகத் தோன்றும் அனுபவங்கள் அனைத்தையும் இவ்வொரு கோலால் அளத்தல் தகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கேரளத்திற் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்த கலாநிதி ஆபிரகாம் கோவூர், பேய், சூனியம் என்பவற்றை அஞ்சாது ஆராய்ந்தவர். மோசடி புகாத நிலையில் அற்புதம் நிகழ்த்துவோர்க்கு ஓரிலட்சம் ரூபா அளிப்பதாக 1963இல் அறைகூவினார். 1978இல் அவர் மறையும்வரை அப்பரிசை எவரும் பெற்றிலர். இப்பணி போற்றற்குரியது. எனினும், அவர் வழி நிற்போர் சிலர், ‘கண்டேன்’ என்பவன் பொய்யன், அன்றேல் பித்தன் என முடிவு கட்டுகின்றனர். இம்முடிவு பொருந்தாது.

2004 டிசம்பர் 26இல் எழுந்த கடற்கோள் அம்பாறைக் கரையோரத்திற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய முஸ்லிம் ஊர்களும், அயலிலுள்ள தமிழூர்களும் ஒருங்கே அழுதன. அங்கே ஒரு தாய், மறைந்த மகன் வாசலில் நின்று அழைத்ததைக் கேட்டதாகக் கூறின், அவள் பொய்யுரைக்கின்றாளா?

பொறிகள் தருவன துணுக்குகளே. பழக்கத்தையும் எதிர்பார்ப்பையும் துணைக்கொண்டு அவற்றை முழுமையாக்குவது மூளை. மாலைதோறும் மகனின் காலடிக்குச் செவிசாய்த்த தாயின் மூளை, அவன் மறைந்த பின்னும் அவ்வொலியை எதிர்நோக்கும். கிடுகுவேலி அசையும் சிற்றொலியும் அதற்குப் போதியதாகலாம். வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் 1971இல் வெளியிட்ட ஆய்வில், துணையை இழந்த 293 பேருள் ஏறத்தாழப் பாதிப்பேர், இறந்தவரின் இருப்பை ஏதோவொரு வகையில் உணர்ந்திருந்தனர். அவர்களெல்லாம் பித்தரல்லர்.

2006இல் ஒலாவ் பிளாங்கே குழுவினர் வெளியிட்ட செய்தி இதனினும் வியப்புடைத்து. வலிப்பு நோயாளியான ஒரு பெண்ணின் மூளையில், இடப்பக்கப் பொட்டுமடலும் சுவர்மடலும் கூடுமிடத்தை மெல்லிய மின்னோட்டத்தாற் றூண்டியபோது, தன் பின்னே ஒருவன் நிற்பதாக அவள் உணர்ந்தாள். அவள் முழங்காலைக் கட்டி அமர்ந்தபோது, அவனும் அமர்ந்து தன்னைத் தழுவுவதாகக் கூறினாள். தன்னுடலைப் பற்றிய தன் உணர்வையே பிறனொருவனாக மூளை பிழைபடக் கொண்டது என்பது ஆய்வாளர் கருத்து.

எனவே, உணர்ந்தது மெய். உணர்ந்த பொருள் புறத்தே உளதென்னும் துணிபுக்கே தனிச்சான்று வேண்டும். கோவூர் கேட்டதும் அச்சான்றையே. இவ்விரண்டையும் பிரித்தறியாதார், துயருற்றோரைச் சூனியம் களைவோரின் கையில் ஒப்படைப்பர்; அன்றேல் எள்ளி நகையாடி ஊமையராக்குவர். அத்தாயின் சொல்லைப் பொறுமையுடன் கேட்டல் முதற்கடன். உறக்கம் கெட்டு, ஊண் வெறுத்து அவள் வாடுவாளாயின், மருத்துவரிடம் அழைத்தேகல் அடுத்த கடன். அரண்டவன் கண்ணை அறிந்த நம் பழமொழி, அன்புடையார் செவியை அறிந்திலது. அதனை அறிவித்தமையே மூளைநூல் நமக்குச் செய்த நன்று.