வசவுக்கு ஒதுக்கிய மேடை

தமிழக அரசியலில் பேச்சின் தரம் தாழ்ந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு பொற்காலத்தைக் கைகாட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் யாரும் யாரையும் திட்டவில்லையா? தாராளமாகவே திட்டினார்கள். ஆனால் யார் திட்டுவது, எங்கே, எத்தனை மணிக்குத் திட்டுவது என்பதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. மாநாட்டுப் பந்தலில் தலைவர் செந்தமிழில் பேசுவார். எதிர்க்கட்சித் தலைவரை ‘நண்பர்’ என்பார், ‘அம்மையார்’ என்பார். அதே எதிரியின் குடும்பமும் பிறப்பும் இன்னொரு நாள், ஏதோ ஒரு வார்டில் நடக்கும் விளக்கப் பொதுக்கூட்டத்தில், குழந்தைகள் தூங்கிய பிறகு தலைமைக் கழகப் பேச்சாளர் ஒருவரின் வாயில் அகப்படும். தீப்பொறி ஆறுமுகம், வெற்றிகொண்டான் போன்றவர்கள் நையாண்டிக்கும் ஏச்சுக்கும் பெயர் பெற்றிருந்தார்கள். மாற்றுக் கட்சிக்காரர்களும் டீக்கடை ஓரமாக நின்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

இந்த வேலைப் பிரிவினையைக் கணக்கில் எடுக்காமல் அரசியல் அநாகரிகத்தை ஆராய முடியாது என்பது என் எண்ணம். ஆராய்ச்சி உலகமோ பெரும்பாலும் சொற்களை எண்ணிக்கொண்டிருக்கிறது.

இந்தத் துறை செழித்து வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே முதலில் தீர்க்க வேண்டியிருந்தது வரையறைச் சிக்கல். குரலை உயர்த்துவதும், ஒருவரைப் பொய்யன் என்பதும், ஓர் இனத்துக்கே குடியுரிமை கூடாது என்பதும் ஒரே குற்றமா? 2004இல் ஸிஸி பாப்பகாரிஸி எழுதிய கட்டுரை இவற்றைப் பிரித்துக் காட்டியது. மரியாதைக் குறைவு ஒரு வகை. பிறரின் உரிமையை மறுப்பது, ஒரு கூட்டத்தையே முத்திரை குத்தி இழிவுபடுத்துவது, ஜனநாயகத்தையே மிரட்டுவது இன்னொரு வகை. சூடான வாக்குவாதத்தில் முதல் வகை வரத்தான் செய்யும், அதனால் ஜனநாயகம் சாகாது. ஆபத்து இரண்டாவதில்தான் என்பது அவருடைய வாதம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கோட்டைப் பல இடங்களில் அழித்து வரைந்தார்கள். ஆனாலும் கோடு வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

டயானா மட்ஸ் செய்த சோதனைகள் வேறு திசையில் போயின. தொழில்முறை நடிகர்களைத் தேர்தல் வேட்பாளர்களாக நடிக்கவைத்து ஒரே விவாதத்தை இரண்டு விதமாகப் படம் பிடித்தார். ஒன்றில் இருவரும் பண்போடு மாறுபட்டார்கள். மற்றொன்றில் அதே கருத்துகளைச் சொல்லும்போது குறுக்கே பேசினார்கள், கண்ணை உருட்டினார்கள், பெருமூச்சு விட்டார்கள். இரண்டாவதைப் பார்த்தவர்களுக்கு அரசியல்வாதிகள் மீதும் அமைப்புகள் மீதும் நம்பிக்கை குறைந்தது. அதே சமயம் அது அவர்களுக்குச் சுவாரசியமாகவும் இருந்தது. கேமரா முகத்துக்கு மிக அருகில் போகும்போது எதிர்த்தரப்பின் வாதத்தில் நியாயம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே பார்ப்பவர்களுக்குத் தேய்ந்துபோனது. 2015இல் இவையெல்லாம் நூலாக வந்தன. வசவின் விளைவு வசவுச் சொல்லோடு முடிவதில்லை, அது எவ்வளவு பக்கத்தில் வந்து விழுகிறது என்பதையும் பொறுத்தது என்று மட்ஸ் காட்டியதுதான் என் கணக்கில் இந்தத் துறையின் முக்கியமான கண்டுபிடிப்பு. எமிலி சிட்னர் 2019இல் வெளியிட்ட நூல் கேட்பவர்களின் பக்கம் திரும்பியது: சண்டையை ரசிக்கும் மனம் சிலருக்கு உண்டு, சிலர் அதைக் கண்டால் விலகிப் போகிறார்கள், ஆகவே ஒரே பேச்சு எல்லாரிடமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. டீக்கடை ஓரத்து மாற்றுக் கட்சிக்காரருக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

எண்ணிக்கை ஆய்வுகளில் பலரும் எடுத்துக்காட்டுவது ஜெரமி ஃப்ரைமர் குழுவினருடையது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் 2009 முதல் 2019 வரை ட்விட்டரில் இட்ட சுமார் 13 லட்சம் பதிவுகளைக் கணினி கொண்டு அளந்தார்கள். பண்பற்ற பேச்சு 23 சதவீதம் கூடியிருந்தது. அப்படிப்பட்ட பதிவுகளுக்கே விருப்பக்குறிகளும் அதிகம் விழுந்தன. வசவு ஒரு சந்தைச் சரக்கும்கூட என்பது இதிலிருந்து தெரிகிறது.

தமிழுக்கு இந்த அளவுகோலைக் கொண்டுவந்தால் முதல் அடியிலேயே சறுக்குகிறது. தமிழில் ஒருவரை அவமதிக்க வசவுச் சொல்லே தேவையில்லை. ‘வந்தார்’ என்பதை ‘வந்தான்’ என்றால் போதும். ஒருமையில் பேசினார் என்ற ஒரே புகாருக்காகச் சட்டமன்றத்தில் அமளி நடந்திருக்கிறது, உள்ளாட்சி மன்றங்களில் நாற்காலி பறந்திருக்கிறது. பட்டப்பெயரை விட்டுவிட்டு இயற்பெயரை மட்டும் சொல்வதும் அதே வகை. இன்னொரு பக்கம், மிகுந்த மரியாதையோடு அவமதிக்கவும் தமிழில் வழியுண்டு. 1967 தேர்தலில் காங்கிரஸ் தலைவர்களை ‘அண்ணாச்சி’ என்று உறவு கொண்டாடி அழைத்து அரிசி, பருப்பு விலை கேட்ட தி.மு.க. கோஷங்களில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எந்தக் கணினியும் அதைக் கண்ணியமான பேச்சு என்றே பதிந்துகொள்ளும். காங்கிரஸ்காரர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

கணினியாளர்கள் தமிழ்ப் பக்கம் வந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பாரதி ராஜா சக்கரவர்த்தி முதலானோர் யூடியூபில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட சுமார் 44,000 கருத்துகளைத் திரட்டி, இழிசொல் எது என்று வகைப்படுத்தினார்கள். 2021இல் அதை வைத்துத் திராவிட மொழிகளுக்கான ஆய்வுப் போட்டியும் நடந்தது. தனி மனிதரைக் குறிவைப்பது, ஒரு குழுவைக் குறிவைப்பது, யாரையும் குறிவைக்காதது என்று அவர்கள் பிரித்தது பாப்பகாரிஸி போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அந்தத் தரவு எடுக்கப்பட்ட இடம் சினிமா முன்னோட்டங்கள். ரசிகர் சண்டைக்கும் கட்சிச் சண்டைக்கும் தமிழ்நாட்டில் உறவு உண்டுதான். அதற்காக ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாக வைக்க முடியாது.

மேடைத் தமிழைப் பற்றி ஆழமாக எழுதியவர் அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட். மதுரையில் தங்கி, கூட்டம் கூட்டமாக அலைந்து அவர் எழுதிய நூல் 2009இல் வந்தது. பழமையின் குரல் போல ஒலிக்கும் மேடைச் செந்தமிழ் உண்மையில் 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம், அண்ணாவின் தலைமுறை அதைத் தன் அரசியலின் அடையாளமாக்கியது என்று அவர் காட்டினார். அதற்கு முந்தைய வேரைத் தேடிப் போனவர், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய பிரசங்கம் வரை போனார். கிறித்தவப் பாதிரியாரின் போதனை முறை சைவத்துக்குள் நுழைந்து, பிறகு சுதேசி இயக்கத்தின் வழியாக அரசியல் மேடைக்கு வந்த கதை அது. பேட் 2016இல் காலமானார். நண்பர்கள் தொகுத்த இரண்டாம் நூல் 2021இல் வெளிவந்தது. முதல் நூலின் மையம் அதன் தலைப்பிலேயே இருக்கும் திராவிட அழகியல்தான். அந்த அழகின் புறவாசலை, அதாவது தலைவரின் செந்தமிழ் அழுக்குப்படாமல் இருக்க வேறொருவர் கொச்சையைச் சுமந்த கதையை, இன்னொருவர் விரிவாக எழுத இடம் இருக்கிறது.

நாவலரின் பெயர் வந்ததால் ஒரு கிளைக்கதை. பிரசங்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த அதே நாவலர்தான், வள்ளலாரின் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்ற பெயரில் அச்சானபோது அவற்றைப் போலியருட்பா என்று மறுத்து எழுதினார். விஷயம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளை அதை மறுபடி கிளப்பினார். வள்ளலார் பாடல்களின் ‘ஆபாச தர்ப்பணம்’ என்றே அவர் நூலுக்குப் பெயர். ப. சரவணன் திரட்டித் தொகுத்திருக்கும் அந்தக் கண்டன நூல்களைப் புரட்டினால், இன்றைய கட்சிப் பேச்சாளர்கள் கற்றுக்குட்டிகள் என்று தோன்றும். சாதி, பிறப்பு, ஒழுக்கம் எதையும் விட்டுவைக்கவில்லை, அதுவும் இலக்கணம் பிசகாமல். தமிழ்க் கட்சிகட்டலின் பிள்ளைப் பருவம் அங்கேதான் இருக்கிறது. அரசியல் கட்சிகள் பிறகு வந்தன.

சான்றுகளைத் தேடும் ஆய்வாளருக்குச் சங்கடமான ஒரு விஷயம் உண்டு. தமிழ் மேடைப் பேச்சை அக்கறையோடு எழுதிவைத்தது காவல்துறை. 1908இல் வ.உ.சி.க்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் எதிரான ராஜதுரோக வழக்கில் போலீசார் குறித்துவைத்த மேடைப் பேச்சுகளே சாட்சியம். சுதந்திரத்துக்குப் பின்னும் அந்த வழக்கம் போகவில்லை. கட்சிகளோ தலைவரின் உரையை நூலாக்கின. வார்டு கூட்டத்துப் பேச்சு ஒலிநாடாவில் விற்று, நாடா சிக்கியதும் போய்விட்டது. ஆகவே கண்ணியமான பாதி நூலகத்தில் இருக்கிறது, மறு பாதி காற்றோடு போயிற்று. பொற்காலம் என்ற நினைப்பு வந்ததில் இதற்குப் பங்குண்டு.

அந்த ஏற்பாட்டைப் பற்றி ஏக்கம் கொள்ள எனக்கு ஒன்றுமில்லை. தலைவருக்கு அது வசதியான பொய். ‘நான் அப்படிப் பேசினேனா?’ என்று அவரால் கேட்க முடிந்தது. அந்தப் பேச்சாளருக்கு மாலையும் வழிச்செலவும் கொடுத்தது யார் என்பதை யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பேச்சுக்குப் பொருளானவர்கள் பெரும்பாலும் பெண்கள், அல்லது பெண்களின் வழியாகத் தாக்கப்பட்ட ஆண்கள். பாப்பகாரிஸியின் கோட்டை இங்கே வைத்துப் பார்த்தால், மரியாதைக் குறைவாக எண்ணிச் சிரித்ததில் பாதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒரு முதல்வரைத் திறமையற்றவர் என்பது ஏச்சு. அவருடைய தாயை இழுப்பது பெண்களில் ஒரு பகுதியினரைக் கேவலமானவர்கள் என்று வைத்துக்கொண்டு, அந்தக் கேவலத்தை அவர் மேல் பூசுவது.

வசவு வார்டைத் தாண்டிச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த நாளாக 1989 மார்ச் 25ஐச் சொல்வார்கள். முதல்வர் கருணாநிதி நிதிநிலை அறிக்கை படிக்க எழுந்தார், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா தரப்பு எதிர்த்தது, கைகலப்பானது. தன் சேலை இழுக்கப்பட்டதாக ஜெயலலிதா சொன்னார், தி.மு.க. மறுத்தது. இரு தரப்பின் கதைகளும் இன்றுவரை சேரவில்லை. 1991இல் அவர் முதல்வராகவே அவைக்குத் திரும்பினார். பிறகு ஆட்சியில் இருந்தபோது அவர் கையாண்ட ஆயுதம் அவதூறு வழக்கு. 2011க்குப் பிந்தைய ஐந்தாண்டில் தமிழக அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் 200ஐத் தாண்டின என்பது 2016இல் உச்ச நீதிமன்றத்தில் தெரியவந்தது. அந்தப் பட்டியலில் எதிர்க்கட்சிக்காரர்களோடு பத்திரிகைகளும் இருந்தன. தமிழகச் செய்தி உலகத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் கோடியின் 2023 நூலை இதோடு சேர்த்துப் படிக்கலாம்: வழக்கே ஒரு செய்தியாகி, செய்தி மறுபடி வழக்காகும் சுழல் அதில் வருகிறது. கண்ணியத்தைக் காக்கும் சட்டம் அதிகாரத்தில் இருப்பவரின் கண்ணியத்தையே முதலில் காக்கும் என்பது எனக்குத் தோன்றுவது.

பழைய ஏற்பாடு எப்படி உடைந்தது? முதல் அடி கொடுத்தது கடிகாரம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. தேர்தல் ஆணையம் பிரசாரத்திலும் அதைக் கறாராக்கியது. நடுநிசிப் பேச்சாளருக்கு நடுநிசி இல்லாமல் போயிற்று. அடுத்து வந்தது கைபேசிக் கேமரா. வார்டில் நூறு பேருக்காகச் சொன்னது காலைக்குள் லட்சம் பேரிடம், பெண்களிடமும், போய்ச் சேர்ந்தது. மட்ஸ் சொன்ன நெருக்கக் காட்சி இப்போது உள்ளங்கையில் இருக்கிறது.

2021 மார்ச்சில் ஆ. ராசா முதல்வர் பழனிசாமியின் பிறப்பை இழுத்துப் பேசியதும் அப்படித்தான் பரவியது. பழனிசாமி பிரசார மேடையில் கண் கலங்கினார், ராசா மன்னிப்புக் கேட்டார், தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரசாரம் செய்யத் தடை விதித்து நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை நீக்கியது. கவனிக்க வேண்டியது, பேசியவர் முன்னாள் மத்திய அமைச்சர். கொச்சை பேசக் கீழே ஆள் வைத்திருந்த அடுக்கு குலைந்து, மேல் அடுக்கே அந்த வேலையையும் பார்த்தது.

2025 ஏப்ரலில் அமைச்சர் பொன்முடி, சென்னையில் ஒரு திராவிட இயக்க நிகழ்ச்சியில் சைவ வைணவக் குறியீடுகளைப் பாலியல் தொழிலோடு முடிச்சுப் போட்டு ஒரு கதை சொன்னார். அரங்கத்தில் அது பழைய மேடைச் சரக்கு, சிரிப்பதற்கானது. வெளியே காணொளியாகப் போனபோது சொந்தக் கட்சியின் கனிமொழியே கண்டித்தார். துணைப் பொதுச்செயலாளர் பதவி சில நாட்களில் போயிற்று, அந்த மாதம் முடிவதற்குள் அமைச்சர் பதவியும் போயிற்று. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது.

பெண் அரசியல்வாதிகள் மீதான வசவை மட்டும் தனியே அளந்த ஆய்வுகளில் இந்தியாவுக்கானது ஆம்னஸ்டி அமைப்பினுடையது. 2019 நாடாளுமன்றத் தேர்தலை ஒட்டிய மூன்று மாதங்களில் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்ட ட்வீட்டுகளை ஆராய்ந்ததில் ஏழில் ஒன்று தொல்லை தருவதாகவோ இழிவாகவோ இருந்தது. இது தொண்டர்களும் பெயர் தெரியாதவர்களும் எழுதியவற்றையும் சேர்த்த கணக்கு. அவர்களில் எத்தனை பேர் கட்சியின் தகவல் தொழில்நுட்ப அணியைச் சேர்ந்தவர்கள், அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள், செலவு யாருடையது என்பவற்றை ட்வீட்டுகளை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. வார்டு கூட்டத்துக்கு ஆள் அனுப்பிய கட்சி அலுவலகத்தின் கணக்குப் புத்தகத்தில்தான் அந்தக் கேள்விக்கு விடை இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கும். மானிடவியலாளர் யாராவது மேடைக்கு முன்னால் உட்காருவதை விட்டு அந்த அறைக்குள் போய் உட்கார வேண்டும், அனுமதித்தால்.