ஆழத்திலிருந்து எழுதுதல்: ஆன்டன் பாய்செனின் தன்வரலாற்றில் மனச்சிதைவும் விசுவாசமும்

கிறித்தவத் தன்வரலாற்று மரபில் திருப்பம் பெரும்பாலும் ஒருமுறையே நிகழ்கிறது. அகஸ்தீனாரின் 'ஒப்புதல்கள்' நூலில் மிலான் தோட்டத்து நிகழ்ச்சி அவர் வாழ்வை முன், பின் என இரண்டாகப் பகுத்துவிடுகிறது. தமிழ்ச் சபைகளில் சொல்லப்படும் சாட்சிகளும் பெரிதும் இவ்வமைப்பினவே: நோயுற்றேன், மன்றாடினேன், நலம்பெற்றேன். மீண்டும் மீண்டும் வரும் மனநோயுடன் வாழும் விசுவாசி ஒருவர் இவ்வடிவத்துக்குள் தம்மைச் சொல்ல முற்பட்டால் என்ன நேரும்? இவ்வினாவை முன்வைத்து, அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சென் (1876–1965) 1960இல் வெளியிட்ட 'ஆழங்களிலிருந்து' என்னும் தன்வரலாற்றை இக்கட்டுரை அணுகுகிறது. 130ஆம் சங்கீதத்தின் தொடக்கமே நூலின் தலைப்பு. ஆனால் துணைத்தலைப்பு, இந்நூல் மனக்கோளாறும் சமய அனுபவமும் பற்றிய 'தன்வரலாற்று ஆய்வு' என்கிறது. தலைப்பில் மன்றாட்டும் துணைத்தலைப்பில் ஆய்வுமாக இரு குரல்கள் முதற்பக்கத்திலேயே உடன்நிற்கின்றன. நூல் முழுவதிலும் இவற்றுள் ஒன்று மற்றதை விழுங்கிவிடுவதில்லை.

பாய்சென் வனவியலும் பின்னர் இறையியலும் பயின்றவர். 1920 அக்டோபரில் பாஸ்டன் மனநல மருத்துவமனையிலும், பின் வெஸ்ட்பரோ அரசு மருத்துவமனையிலும் சேர்க்கப்பட்டார். நோய் 'டிமென்ஷியா பிரீகாக்ஸ்' எனக் குறிக்கப்பட்டது. யூஜின் பிளாய்லர் 1908இல் 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற புதுப்பெயரை முன்வைத்திருந்தபோதிலும் பழம்பெயரே அன்று பெருவழக்கு. இளமையில் தொடங்கி அறிவை அழித்துவிடும் நோய் என்பது அதன் பொருள். மீட்சியின்மை அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. குடும்பத்தாருக்கும் நம்பிக்கை தரப்படவில்லை. எனினும் ஏறத்தாழ 15 மாதங்களுக்குப் பின், 1922 ஜனவரியில் அவர் வெளிவந்தார்.

நோய் வெளிப்பட்ட தருணம் திறனாய்வாளர் கூர்ந்து நோக்க வேண்டியது. போதகப் பணிக்குத் திரும்பும் பொருட்டுத் தம் விசுவாச அறிக்கையை அவர் எழுதிக்கொண்டிருந்தார். முதற்பகுதி மரபு வழுவாதது. அதைத் தொடர்ந்து எங்கிருந்தோ வந்தாற்போல் வேறொரு கருத்து அறிக்கைக்குள் புகுந்தது: இதுவரை வலியோரும் நிறைவுடையோரும் பிறருக்காகத் தம்மை ஈந்தனர், இனி மெலியோரும் குறையுடையோரும் அவர்களுக்காக விலகிக்கொள்ள வேண்டும். சிலுவையின் பொருள் இங்கே தலைகீழாகிவிடுகிறது. கிறிஸ்துவின் தியாகத்தை உலகுக்குரிய கொடையாகக் கொள்ளும் சமயத்துக்குள்ளிருந்தே, தன்னை வேண்டாதவனாக நீக்கிக்கொள்ளும் கட்டளையை நோயுற்ற மனம் வடித்தெடுக்கிறது. சொற்கள் அனைத்தும் வேதத்தின் சொற்களே. அவற்றின் திசைதான் மாறிவிட்டது.

ஆகவே, இந்நூலில் விசுவாசத்தை நோய்க்கு எதிரணியில் நிறுத்திப் படிப்பது பொருந்தாது. நோய் பேசிய மொழி விசுவாசத்தின் மொழி. அவரைத் தாங்கியதும் அதே மொழி. பக்திநோக்கில் மட்டும் படிப்போர் முற்பகுதியையும், மருத்துவநோக்கில் மட்டும் படிப்போர் பிற்பகுதியையும் நழுவவிடுகின்றனர். இரண்டையும் பிரித்தறிய பாய்செனுக்குக் கிடைத்த வழி என்ன என்பதே நூலின் மையச் சிக்கல் எனலாம்.

மருத்துவமனையில் ஒருநாள் இரவு நிலவைச் சுற்றி ஒளிச்சிலுவை ஒன்று அவருக்குத் தெரிகிறது. உலகுக்கு வரவிருக்கும் பேரழிவின் அடையாளமாக அதனைக் கொள்கிறார். சன்னலின் கம்பிவலை வழியே பார்க்கும்போது மட்டுமே அச்சிலுவை தோன்றுகிறது என்பதைப் பின்னரே கவனிக்கிறார். வலையில்லாத இடத்திலிருந்து பார்த்தால் வானில் வெறும் நிலவுதான். நூலின் மிகச்சிறந்த பகுதி இதுவே என்பது என் துணிபு. அற்புதம் எதுவும் நிகழாத ஒரு மீட்சி இங்கே சொல்லப்படுகிறது. சிலுவை பொய் என்று அவர் முடிவுசெய்யவில்லை. அந்தச் சிலுவை கம்பியால் ஆனது என்று மட்டுமே அறிந்தார். இடம்மாறி நின்று சரிபார்க்கும் இச்செயலைச் சமய அனுபவத்துக்குப் புறம்பானதாக அவர் கருதாதது சுட்டத்தக்கது. வெளிப்பாடென்று தோன்றுவதைச் சோதித்தறிவதும் விசுவாசியின் கடமை என்பதே பின்னாளில் அவருடைய எழுத்து முழுவதற்கும் அடிப்படையாயிற்று.

நூலின் வடிவமும் இதற்கிசைந்தது. நோய்க்காலத்தில் எழுதிய மடல்களையும் விசுவாச அறிக்கையையும் பாய்சென் ஆவணங்களாகவே இடையிடையே வைக்கிறார். அன்றைய தன் குரல்மீது இன்றைய தெளிவை ஏற்றி அவற்றைத் திருத்துவதில்லை. நடை சில இடங்களில் மருத்துவக் குறிப்பேட்டைப் போல் வறண்டுவிடுவதை மறுப்பதற்கில்லை. ஆனால் தாய் இறந்த 1930இலும், பின்னர் 1935இலும் நோய் மீண்டதை ஒளிக்காமல் எழுத அந்த வறட்சியே துணைசெய்கிறது. வெற்றிச் சாட்சியாக எழுதப்பட்டிருந்தால் இம்மறுவருகைகள் விசுவாசக்குறைவாகப் படிக்கப்பட்டிருக்கும். இங்கே அவை வாழ்வின் மேலும் சில நிகழ்ச்சிகளாக நிற்கின்றன.

தமிழில் எழுதுகையில் சொற்சிக்கலொன்று எதிர்ப்படுகிறது. சீர்திருத்தச் சபையார் 'விசுவாசம்' என்பதைக் கத்தோலிக்கர் இன்று 'நம்பிக்கை' என்கின்றனர். முன்னவர்க்கோ 'நம்பிக்கை' எதிர்வருவதை நோக்கியது. பாய்செனிடம் இவ்விரண்டும் உண்மையிலேயே வேறாகின்றன. விசுவாசத்தைக் கூற்றுகளாக வரையறுத்து எழுதும்போது அவர் உடைந்தார். துன்பத்துக்குப் பொருளிருக்கக்கூடும் என்ற நம்பிக்கை அவரை நடக்கச்செய்தது. 'மனச்சிதைவு' என்னும் நம் கலைச்சொல்லும் மறுபரிசீலனைக்குரியது. ஜப்பானில் 'பிளவுற்ற மனம்' எனப் பொருள்பட்ட பழைய நோய்ப்பெயரை 2002இல் மாற்றினர். 'சிதைவு' என்பது முடிந்துபோன ஒன்றைக் குறிக்கிறது. குலைந்த உள்ளம் தன்னை மறுபடி ஒழுங்குபடுத்த முயல்வதையே பாய்சென் அந்நோயின் சில நிலைகளில் கண்டார்.

இக்கருத்தை அவர் நிறுவனமாகவும் ஆக்கினார். 1924இல் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் ஆன்மிகப் பணியாளராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டு இறையியல் மாணவர் சிலரைக் கோடைகாலப் பயிற்சிக்கு அழைத்தார். நூல்களைப் போலவே நோயாளரையும் 'உயிருள்ள மனித ஆவணங்களாக' வாசிக்கக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மருத்துவமனைசார் மேய்ப்புப் பணிப்பயிற்சி உலகெங்கும் பரவ இது தொடக்கமாயிற்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அத்தகைய பயிற்சி நடைபெறுகிறது. நோயாளரை ஆவணம் என்று அழைப்பது இலக்கிய மாணவர்க்குக் கவர்ச்சியானதுதான். ஆனால் வாசிப்பவர் யார், வாசிக்கப்படுபவர் யார் என்ற கேள்வி அவ்வுருவகத்துக்குள் மறைந்துவிடுகிறது. பாய்சென் இரு நிலைகளிலும் இருந்தவர். அவரிடம் பயின்றோர் எல்லாரும் அப்படியல்லர்.

இவ்விடத்தில்தான் அவருடன் முரண்பட வேண்டியுள்ளது. 1936இல் வந்த 'அக உலக ஆய்வு' என்னும் நூலில், உள்ளப்போராட்டம் கொந்தளித்து வெளிப்படும் நோயாளரையும் மெல்ல விலகி மழுங்கிப்போகும் நோயாளரையும் அவர் வேறுபடுத்துகிறார். முன்னவர் அனுபவத்தை ஜார்ஜ் ஃபாக்ஸ், பனியன் முதலியோரின் அனுபவங்களுக்கு அருகில் வைக்கிறார். பின்னவரிடம் அத்தகைய சமயப்பொருளை அவரால் காண இயலவில்லை. அவர் சேர்ந்திருப்பது முதல் வகையில். இடையிடையே முழுத்தெளிவு பெற்ற அவருக்கு இருந்தது மனச்சிதைவுதானா, இருமுனையக் கோளாறா என்ற ஐயமும் பின்னர் எழுப்பப்பட்டுள்ளது. பொருள்தேடும் ஆற்றலையே நோய் பறித்துக்கொண்டவர்க்கு இவ்விறையியல் தருவது மிகக் குறைவு. திரும்பிவந்து கதைசொல்ல இயன்றவரின் துன்பத்துக்கு மட்டும் பொருளுண்டு என்றாகிவிட்டால், மெலியோரை விலகச்சொன்ன அந்த 1920ஆம் ஆண்டு அறிக்கையின் நிழல் இவ்வகைப்பாட்டிலும் படிந்திருப்பதாகவே கொள்ள வேண்டும்.

பல்லாண்டுகள் அவர் நேசித்து, மணக்க இசையாத ஆலிஸ் பேட்ச்செல்டரையும் இங்கு எண்ண வேண்டியுள்ளது. மீட்புக்கு வழிகாட்டும் உருவாக நூல் முழுதும் அவர் வருகிறார். ஆயினும் அவர் என்ன எண்ணினார் என்பது பாய்செனின் சொற்கள் வழியாகவே நம்மை வந்தடைகிறது. நோயின் மிகைகளை அவ்வளவு கறாராகச் சரிபார்த்தவர், இக்காதலின் மிகையைக் கம்பிவலைக்கு வெளியே சென்று ஒருமுறையும் பார்க்கவில்லை.