நீரோ காதலிக்கிறானா?

ழான் ராசினின் ‘பிரித்தானிக்கஸ்’ (1669) நாடகத்தை அரண்மனைக் காதல் கதையாகச் சொல்லிவிடுவது சுலபம். ரோமானியச் சக்கரவர்த்தி நீரோ, ஜூனியை விரும்புகிறான். அவளோ, நீரோவால் அரியணையை இழந்த பிரித்தானிக்கஸை விரும்புகிறாள். பொறாமை, விஷம், மரணம். இப்படிச் சொல்லும்போது நீரோ ‘விரும்புகிறான்’ என்ற வினையை யாரும் சந்தேகிப்பதில்லை. எனக்கு அதுதான் பிரச்சினை.

சம்பவங்களின் வரிசையைக் கவனியுங்கள். ஜூனி அரசவைப் பக்கமே வராமல் ஒதுங்கி வாழ்ந்தவள். அவளைப் பிரித்தானிக்கஸுக்கு மணமுடிக்க நீரோவின் தாய் அக்ரிப்பின் வாக்குக் கொடுத்திருக்கிறாள். அகஸ்டஸ் வம்சத்துப் பெண் போட்டியாளனுக்கு மனைவியானால் அரியணைக்கு ஆபத்து. தாயின் கையும் ஓங்கிவிடும். ஆகவே ராத்திரியோடு ராத்திரியாக ஆளனுப்பித் தூக்கிவரச் செய்கிறான். இதுவரை அரசியல். அவள் வந்திறங்குவதைச் சும்மா ஓர் ஆர்வத்தில் பார்க்கப் போகிறான். தீவட்டி வெளிச்சம், ஆயுதங்கள், தூக்கத்திலிருந்து இழுத்துவரப்பட்ட பெண், கண்ணீர். அந்த இடத்தில்தான் ‘காதல்’ பிறக்கிறது. தன்னால் வழிந்த கண்ணீரையே நேசித்ததாக நார்சிஸிடம் வாய்விட்டுச் சொல்கிறான். ஆக, காதலித்ததால் கடத்தவில்லை, கடத்தியதால் காதலிக்கிறான். அவன் மயங்கியது, தன் ஆணை ஓர் உடம்பின்மீது நிறைவேறியிருந்த காட்சியில்.

தமிழ் படித்த நமக்கு இதைக் கைக்கிளை என்று முத்திரை குத்தத் தோன்றும். கைக்கிளைத் தலைவனிடம் இருப்பது சொல் மட்டும்தான். பதில் கிடைக்காமல் தானே பேசிக்கொண்டிருப்பவன் அவன். நீரோவிடம் காவற்படை இருக்கிறது. இரண்டும் ஒன்றா என்ன?

ராசின் பற்றிய 1963 நூலில் ரோலான் பார்த் விஷயத்தைச் சமன்பாடாகவே ஆக்கிவிட்டார்: ஒருவருக்கு இன்னொருவர்மீது முழு அதிகாரம், அதிகாரம் உள்ளவர் காதலிக்கிறார், மற்றவர் காதலிக்கவில்லை. அதாவது அடிப்படை உறவு அதிகாரம்தான்; காதல் அதை வெளிக்கொண்டுவருகிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சமன்பாட்டில் பார்வையாளனுக்கு இடமில்லை.

இரண்டாம் அங்கத்தில் நீரோ ஒளிந்து நிற்கிறான். பிரித்தானிக்கஸை ஜூனியே விலக்கிவிட வேண்டும். ஒரு ஜாடை, ஒரு பெருமூச்சு வெளிப்பட்டாலும் அவன் தொலைந்தான் என்பது கட்டளை. மறைவில் ஆள் இருப்பது பிரித்தானிக்கஸுக்குத் தெரியாது. நீரோவுக்கும் ஜூனிக்கும் தெரியும்; நமக்கும் தெரியும். எனவே நாம் நிற்க இரண்டு இடங்கள் உண்டு. நீரோவோடு நின்று அவள் முகத்தை வேவு பார்க்கலாம். அல்லது அந்த முகத்துக்குள்ளிருந்து, பார்க்கப்படுவதன் பயத்தை உணரலாம். நீரோவைக் காதலில் தோற்றவன் என்று இரங்கும் விமர்சனம் அந்த மறைவிடத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

பிரித்தானிக்கஸ் விஷம் வைத்துக் கொல்லப்பட்டபின் ஜூனி அரண்மனையை விட்டு ஓடி, வெஸ்டா தேவியின் கன்னியரிடம் அடைக்கலமாகிறாள். தடுக்கப்போன நார்சிஸை ஜனங்கள் கொன்றுபோடுகிறார்கள். நீரோ அவள் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு அலைகிறான். இதைக் காதலின் உச்சம் என்று வாசிப்பவர்கள் இருக்கலாம். எனக்குக் கேட்பதோ, பார்த்துக்கொண்டிருந்த பொருள் கைநழுவிப்போன அதிகாரத்தின் திணறல்.

இந்த மேடையில் காதலின் செயல் எதுவென்றால், பிரித்தானிக்கஸின் உயிருக்காக ஜூனி காத்த மௌனம்தான். அந்த மௌனத்திலேயே அவள் காதல் தெரிந்துவிட்டதென்று நீரோவே நார்சிஸிடம் சொல்கிறான். காதல் எது என்று அவனுக்கு அடையாளம் தெரிகிறது. நமக்குத்தான் குழப்பம்.