ஓர் அடி ஹியூயி

ஹெலிகாப்டரை மரத்தில் செதுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது, வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் ஓட்டிய ஹியூயியைத்தான். பெல் நிறுவனத் தயாரிப்பு. முதல் மாதிரி பறந்தது 1956ல். யுஹெச்-1ஹெச் ரகத்தின் விசிறி 48 அடி. 48ல் ஒரு பங்காகச் செய்தால் கச்சிதமாக ஓர் அடி. கணக்குப் போடும் தலைவலி மிச்சம்.

உடலுக்கு ஒரே கட்டை போதும். பக்கவாட்டு வடிவத்தை முதலில் அறுத்து, பிறகு மேலிருந்து தெரியும் வடிவத்தை அறுத்து, மூலைகளை உளியால் மழித்துவிட்டால் மீதி உப்புத்தாள் பாடு. மர ரேகை மூக்கிலிருந்து வால்வரை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், சுண்டுவிரல் பருமனுள்ள வால் தண்டு பட்டென்று முறியும். சக்கரம் கிடையாது, சறுக்குக் கட்டைகள்தான். அவற்றைத் தாங்கும் வளைவுகளுக்கு நனைத்த மூங்கில் சிம்பைச் சூட்டில் வளைக்கலாம்.

எனக்குப் பிடித்த இடம் விசிறித் தலை. இரண்டே இறக்கைகள், அவற்றுக்குக் குறுக்காக, நுனிகளில் எடை வைத்த சிறு தண்டு. சுழலும்போது அது தன் தளத்திலேயே நிற்கப் பார்ப்பதால் விசிறி அலைபாயாமல் அடங்குகிறது. பொம்மை செய்கிறவர்கள் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத ஹியூயி, என்னைக் கேட்டால், ஹியூயியே இல்லை. ராணுவப் பச்சை அடிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. வார்னிஷ் போதும், ரேகை தெரியட்டும்.