தீர்மானத்தில் இருக்கிற கணக்கு

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்ததும் முதலில் நிற்பது நாட்டிய வகுப்புதான். "கணக்கு டியூஷனுக்கே நேரம் போதலையே!" என்கிறோம். "நாட்டியமே கணக்குதானே, ஏன் நிறுத்துகிறீர்கள்?" என்று பரிந்து பேசுபவர்களும் உண்டு. அந்தப் பரிவு நியாயமானது. சொல்லும் காரணம்தான் பாதி சரி.

அரைமண்டியில் கை நீட்டி நின்றால் முக்கோணம் தெரிகிறது என்று மேடையில் விளக்குகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் முக்கோணமாக நின்ற குழந்தைக்கு அதன் பரப்பளவு தெரிந்துவிடாது. ஏழு தாளம், ஐந்து ஜாதி, ஆக 35 தாளம் என்று ஒப்பிப்பதும் வாய்ப்பாட்டைத் தாண்டவில்லை.

உண்மையான கணக்கு தீர்மானத்தில் இருக்கிறது. ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு 4 மாத்திரை. ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. சமத்தில் தொடங்கி ஒரே சொற்கட்டை மூன்று முறை ஆட வேண்டும். நடுவே இரண்டு சம இடைவெளி விட வேண்டும். முடித்ததும் அடுத்த சமம் விழ வேண்டும். 'தகதிமி தகஜுனு' என 8 மாத்திரை எடுத்தால் இடைவெளி 4. பத்து எடுத்தால் 1. ஆறு எடுத்தால் 7. 'தகிட தகதிமி' என 7 எடுத்துப் பாருங்கள்: 21 போக மிச்சம் 11, அதை இரண்டு முழு இடைவெளியாகப் பிரிக்க முடியாது. ஒற்றைப்படைச் சொற்கட்டு எதுவுமே இங்கே ஏன் உட்காருவதில்லை? மூன்று ஒற்றைப்படை சேர்ந்தால் ஒற்றைப்படை. 32-இல் அது போனால் மிச்சமும் ஒற்றைப்படை. இதைக் குழந்தை தானே கண்டுபிடித்தால் அல்ஜீப்ராவின் வாசலில் நிற்கிறது என்று பொருள். தப்பினால் சமம் தவறும். விடைத்தாள் திருத்த ஆள் வேண்டாம்.

ஆனால் பல வகுப்புகளில் நடப்பது என்ன? வாத்தியார் கணக்குப் போட்டு முடித்த தீர்மானத்தைக் கொடுக்கிறார். குழந்தை மனப்பாடம் பண்ணுகிறது. கணக்கு வாத்தியாரோடேயே நின்றுவிடுகிறது. காலியான ஓர் ஆவர்த்தனத்தைக் கொடுத்து, "நீயே நிரப்பும்மா" என்று சொல்லிப் பார்க்கலாம். ஆடி முடித்தபின் அதையே தாளில் எழுதவும் வைக்கலாம். எழுதாமல் விட்டால் உடம்புக்குத் தெரிந்தது பள்ளிக் கணக்குக்கு வந்து சேராது.

இதனால் பரீட்சையில் மார்க் கூடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. கொடுக்கவும் வேண்டாம். அபிநயத்துக்கு எந்தச் சூத்திரமும் கிடையாது. அதற்காகவும்தானே பிள்ளையை நாட்டியத்தில் சேர்த்தோம்?