கறுத்த கத்தலை

அந்தமானில் முக்குளித்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், தாம் கடலுக்கடியில் கண்டதையெல்லாம் சொல்லி மாளாமல், கடைசியில் ஒரு புஸ்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஜெரால்ட் ஆலன் முதலான நால்வர் 2003-இல் வெளியிட்ட, பசிபிக் பவளப் பாறை மீன்களை இனம் காட்டும் கையேடு. வழவழப்பான தாள். பக்கத்துக்குப் பக்கம் உயிருள்ள மீன்கள் நீந்துகின்றன.

முதலில் அதன் நல்ல குணத்தைச் சொல்லிவிடுகிறேன். மீனின் பல்லை எண்ணு, துடுப்பின் முள்ளை எண்ணு என்று அது நம்மை உபத்திரவம் செய்வதில்லை. பார்த்த கணத்தில் கண்ணில் என்ன பட்டது என்று கேட்கிறது. தடித்த உடம்பும் பெரிய உதடும் உள்ளவை ஒரு பிரிவு. கோணல்மாணலாகத் தரையில் கிடப்பவை ஒரு பிரிவு. பண்டிதர்கள் சிரிக்கலாம். மீன்காரி கூடையில் பிரித்துப் போடுவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஆசை யாரை விட்டது? புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு காரைக்கால் போனேன். அரசலாறு கடலில் கலக்கிற இடத்தில் தண்ணீர் பழுப்பாக இருக்கிறது. அதில் முங்கினால் தன் கையே தனக்குத் தெரியாது. படகுத் துறையில் ஏலம் முடிந்து, ஓர் அம்மாள் சாம்பல் நிறத்தில் சிறிய மீன்களைக் குவித்து வைத்திருந்தாள். பெயர் கேட்டேன்.

"கறுத்த கத்தலைங்க."

புஸ்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். இல்லை. அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, மஞ்சளும் நீலமுமாக இருந்த ஒரு மீனைக் காட்டி, "இதெல்லாம் கொழம்புக்கு ஆவுங்களா?" என்றாள். நாலு ஆசிரியர்களில் ஒருவரும் அதைப்பற்றி எழுதவில்லை.

பவளக் கடலுக்கு எழுதின புஸ்தகத்தில் சேற்றுக் கடல் மீனைத் தேடினது என் பிசகு. ஆனால் அந்தப் பெயர் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து தேடியபோது அது வேறு இடத்தில் அகப்பட்டது. காரைக்காலுக்குச் சற்று வடக்கே தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் காலத்தில், 1771-இல், கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் அங்கே வந்தார். மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற வைத்தியருக்கு அனுப்பினார். பிளாக் 1793-இல் ஒரு மீன் குலத்துக்கே அந்தப் பாதிரியாரின் பெயரை வைத்து 'ஜோனியஸ்' என்றார். அதில் ஓர் இனத்துக்கு 'கருட்டா' என்று பெயரிட்டார். லத்தீன் என்று நினைத்து அகராதியைப் புரட்ட வேண்டாம். நம் 'கறுத்த' தான் அது! எந்தப் பரதவன் எந்தக் கரையில் உச்சரித்தானோ, பெர்லின் வரை போய், இன்றைக்கும் உலகத்து விஞ்ஞானிகள் வாயில் வழங்குகிறது.

பிளாக்கின் படங்கள் அழகுதான். ஆனால் சாராயத்தில் ஊறிய மீனுக்குச் சொந்த வர்ணம் நிற்பதில்லை. சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெரிய நூலில் இந்தக் குறையை மிகவும் தீர்த்தார். அதோடு, மீனுக்கு மீன் ஊர் மக்கள் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதினார். தமிழ்ப் பெயர்களும் அங்கே உண்டு. மேஜைமேல் கிடத்தின மீனைத்தான் அவருடைய புஸ்தகம் அடையாளம் காட்டும், தண்ணீரில் ஓடுகிறதை அல்ல. இருந்தாலும் இந்தக் காரியத்தில் டேயின் பக்கம்தான் நான்.

பிற்பாடு வந்தவர்கள் ஏன் கேட்கவில்லை? ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1974-இல் நம் கடலுக்கும் சேர்த்துத் தயாரித்த மீன் ஏடுகளைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம், நாணயமான வேலை. ஒவ்வொரு ஏட்டிலும் ஆங்கிலப் பெயர், பிரெஞ்சுப் பெயர், ஸ்பானிஷ் பெயர். அதன்கீழ், 'நாட்டுப் பெயர்' என்று எழுதி, எதிரே வெற்றிடம். நாமே நிரப்பிக்கொள்ள வேண்டுமாம். மரியாதையான ஏற்பாடுதான், யார் நிரப்பினார்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. விசைப்படகு வலையில் வரும் பொடி மீன் கோழித் தீவன மாவுக்கு மொத்தமாக நிறுத்துப் போகிறது. அந்தக் குவியலில் எது கறுத்தது, எது வெளுத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காத பெயர் ஒரு தலைமுறை தாங்குமா?

படம் மட்டும் போதாது என்பதற்கு இன்னொன்று. கத்தலை சத்தம் போடுகிற மீன். வயிற்றிலுள்ள காற்றுப் பையைத் தசையால் அதிரவைத்து உறுமும். மலாயாவின் கீழ்க்கரையில் 'ஜூரு செலாம்' என்று ஒரு தொழில்காரர் உண்டு. படகைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டு, எந்த மீன் கூட்டம், எந்தத் திசை என்று காதாலேயே சொல்லிவிடுவார். கலங்கல் தண்ணீர் அவரை என்ன செய்யும்? நண்பரின் முந்நூறு சொச்சம் ரூபாய்க் கண்ணாடி அவருக்கு எதற்கு?

கத்தலை ஏட்டை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் காரைக்கால். அந்த அம்மாளைப் பார்த்து, கறுத்ததைத் தவிர இன்னும் எத்தனை கத்தலை உண்டு என்று கேட்க வேண்டும். பென்சிலைச் சீவியாகிவிட்டது.